சீனிக்குப் பதிலாக: செயற்கை இனிப்பூட்டிகள் பற்றிச் செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் பலகாரம் போட்டு விற்கும் எங்களிடம் முன்பெல்லாம் கல்யாணத்துக்கும், அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திக்கும் பலகாரம் சொல்ல வருபவர்கள் கேட்ட கேள்வி நெய்யா எண்ணெயா என்பதுதான். இப்போது, "சுகர் இருக்கிறவங்களுக்குத் தனியா ஏதாவது போடுவீங்களா?" என்ற கேள்வியும் தவறாமல் வருகிறது. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கும்போது, அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் வியப்பு. கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் என்பதால், வாய்மொழியாகச் சொல்லி வந்த விடைகளை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

ஒரு சொல் விளக்கம் முதலில் தேவைப்படுகிறது. எங்கள் பக்கத்தில் வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி என்று பெயர். சர்க்கரை என்றால் நாட்டுச் சர்க்கரையையும் குறிக்கும், நோயையும் குறிக்கும். குழப்பம் வராமலிருக்க, பொருளைச் சீனி என்றும் நோயை நீரிழிவு என்றுமே எழுதுகிறேன்.

செயற்கை இனிப்பூட்டி என்பது என்ன?

நாக்குக்கு இனித்தாலும், சீனி தரும் ஆற்றலைத் தராத, அல்லது கணக்கில் வராத அளவுக்கே தருகிற, ஆய்வகத்தில் தொகுக்கப்பட்ட பொருள் அது. சாக்கரின், அஸ்பார்டேம், அசிசல்ஃபேம் பொட்டாசியம், சுக்ரலோஸ், நியோடேம் ஆகியவை பரவலாகப் பயன்படுபவை. இவற்றில் சில உடலுக்குள் சிதையாமல் அப்படியே வெளியேறிவிடுகின்றன; சாக்கரின் சிறுநீரோடு போய்விடும், சுக்ரலோஸின் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமல் மலத்தோடு போய்விடும். அஸ்பார்டேம் அப்படியல்ல. அது உடலில் செரிக்கிறது, ஒரு கிராமுக்குச் சீனியைப் போலவே 4 கலோரியும் தருகிறது. ஆனால் அது சீனியைவிட ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பானது என்பதால், ஒரு தேக்கரண்டிச் சீனியின் இனிப்புக்கு 25 மில்லிகிராம் போதும். அவ்வளவு சிறிய அளவில் வரும் ஆற்றலைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

சீனியே இல்லாதபோது நாக்குக்கு இனிப்பது எப்படி?

இனிப்பு என்பது பொருளில் இருப்பதைவிட நாக்கில் இருப்பது என்று சொல்லலாம். சுவை மொட்டுகளில் இனிப்பை உணர்வதற்கென்றே ஒரு புரத ஏற்பி இருக்கிறது. சீனியின் மூலக்கூறு அதில் வந்து பொருந்தும்போது மூளைக்குச் செய்தி போகிறது. சீனியோடு எவ்வித உறவும் இல்லாத வேறு சில மூலக்கூறுகளும் அதே இடத்தில் இன்னும் இறுக்கமாகப் பொருந்திக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சிறுகுறிஞ்சான் இலை ஒன்றை நன்றாக மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால், மணலை அள்ளிப் போட்டது போலிருக்கும். அந்த இலையில் உள்ள அமிலங்கள் இனிப்பு ஏற்பியைச் சிறிது நேரம் அடைத்துவிடுவதே காரணம். அந்த நேரத்தில் இனிப்பூட்டி மாத்திரையும் இனிக்காது.

சாக்கரினுக்கும் அசிசல்ஃபேமுக்கும் இனிப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு வருவதும் இப்படித்தான்: அவை இனிப்பு ஏற்பியோடு நில்லாமல் கசப்பு ஏற்பிகள் சிலவற்றையும் தூண்டிவிடுகின்றன. அதனால்தான் குளிர்பானக்காரர்கள் பலர் ஒன்றை மட்டும் தனியே போடாமல் இரண்டு மூன்றைக் கலந்து போடுகிறார்கள். ஒன்றின் குறையை மற்றது மூடிவிடும், மொத்த அளவும் குறையும்.

இவற்றை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பெரும்பாலும் கை கழுவாதவர்கள். 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐரா ரெம்சனின் ஆய்வகத்தில் நிலக்கரித் தார்ப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், இரவுச் சாப்பாட்டில் ரொட்டி வழக்கத்துக்கு மாறாக இனிப்பதைக் கண்டு, அது தம் விரலிலிருந்து வந்த இனிப்பு என்று உணர்ந்தார், அதுதான் சாக்கரின். 1965இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் வயிற்றுப் புண்ணுக்கான மருந்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, தாளை எடுக்க விரலை நாவில் தொட்டதால் அஸ்பார்டேம் கிடைத்தது. அசிசல்ஃபேம் 1967இல் ஜெர்மனியில் அதே விதமாகக் கிடைத்தது.

சுக்ரலோஸின் கதை இன்னும் சுவையானது. 1976இல் லண்டன் குயின் எலிசபெத் கல்லூரியில் சீனியோடு குளோரினைச் சேர்த்து ஆராய்ந்த குழுவில் இருந்த சசிகாந்த் பட்னிஸ் என்ற இந்தியரிடம், ஒரு பொருளை 'டெஸ்ட்' செய்யச் சொன்னார்கள். அவர் காதில் அது 'டேஸ்ட்' என்று விழுந்தது. எடுத்து நாவில் வைத்துவிட்டார். சீனி மூலக்கூறில் மூன்று இடங்களில் குளோரின் அணுக்களைப் பொருத்திய அந்தப் பொருள் சீனியைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனித்தது. இன்றைக்கு எந்த ஆய்வகத்திலும் இப்படிச் செய்தால் வேலை போய்விடும்.

அதிரசத்திலும் கந்தரப்பத்திலும் வெல்லத்துக்குப் பதிலாக இவற்றைப் போட முடியுமா?

முடியாது என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை என்பதால், காரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்று கொள்வோம். அந்த 750 கிராம் வெல்லத்தின் இனிப்புக்கு ஈடாக ஏறத்தாழ ஒன்றேகால் கிராம் சுக்ரலோஸ் போதும். இனிப்புக் கணக்கு நேராகிவிட்டது. ஆனால் மீதி 748 கிராம் பொருள் எங்கே? பாகு என்பது வெறும் இனிப்புத் தண்ணீர் இல்லை. தண்ணீர் சுண்டச் சுண்டப் பாகின் கொதிநிலை ஏறிக்கொண்டே போகிறது, அதற்கேற்பக் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று அதன் தன்மை மாறுகிறது. தண்ணீரில் விட்டால் உருண்டு திரளும் பதத்தில் இறக்கிய பாகுதான் ஈர அரிசி மாவைப் பிடித்து நிறுத்துகிறது. மாவை இரண்டு நாள் ஊற வைப்பதும் அந்தப் பாகு மாவின் ஒவ்வொரு பொடிக்குள்ளும் இறங்குவதற்காகத்தான். சுக்ரலோஸை எவ்வளவு காய்ச்சினாலும் பாகு வராது.

ஆனாலும் ஒருமுறை செய்து பார்த்தேன். சுக்ரலோஸைத் தண்ணீரில் கரைத்து, மாவைப் பிசைந்து, தட்டி, எண்ணெயில் போட்டதும் அது அதிரசமாக நிற்கவில்லை. நுரைத்துப் பிரிந்து இருப்புச் சட்டி முழுவதும் மாவாகப் பரவியது. அன்றைக்கு எண்ணெயையும் கொட்ட வேண்டியதாயிற்று. அடுத்த முறை பிடிப்புக்காக மாவைக் கூட்டினேன். வட்டமாக வந்தது, ஆனால் வெளுத்துக் கிடந்தது. அதிரசத்தின் செந்நிறமும் மணமும் வெல்லத்தில் உள்ள சர்க்கரைகள் சூட்டில் கருகுவதாலும் மாவிலுள்ள புரதத்தோடு வினைபுரிவதாலும் வருபவை. அந்த வேலையைச் செய்ய இந்தப் பொருள்களால் இயலாது.

மூன்றாவது காரணம், வைத்துச் சாப்பிடுவது. கல்யாண வீட்டிலிருந்து வெளியூருக்கும் கடல் கடந்தும் போகும் எங்கள் பலகாரங்கள் வாரக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு, அவற்றிலுள்ள தண்ணீரைச் சீனியும் வெல்லமும் தம்மிடம் இறுக்கிப் பிடித்து, நுண்ணுயிர்களுக்குக் கிடைக்காமல் செய்துவிடுவது முக்கியக் காரணம். அதை எடுத்துவிட்டால் எங்கள் சம்புடம் பூஞ்சணம் வளர்க்கும் பாத்திரமாகிவிடும்.

வெப்பத்தின் விஷயமும் இருக்கிறது. அஸ்பார்டேம் நீண்ட நேரச் சூட்டில் சிதைந்து இனிப்பை இழந்துவிடும். கொதிக்கும் பாயசத்தில் போட்டால் வீண். சாக்கரினும் அசிசல்ஃபேமும் சூடு தாங்கும். சுக்ரலோஸும் தாங்கும் என்றுதான் வெகுகாலம் சொல்லப்பட்டது; ஆனால் 120 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அதிலிருந்து தீங்கு செய்யக்கூடிய குளோரின் சேர்மங்கள் உருவாக வாய்ப்புண்டு என்று 2019இல் ஜெர்மனியின் அரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம் எச்சரித்து, பொரித்த பின்போ சுட்ட பின்போ சேர்ப்பது நல்லது என்று அறிவுறுத்தியது. பலகாரம் பொரிக்கும் எண்ணெய் 160, 170 பாகையில் இருக்கும். ஆகவே பொரிக்கும் மாவில் சுக்ரலோஸ் கலப்பதை நான் விட்டுவிட்டேன்.

அப்படியானால் எந்தப் பலகாரத்தில்தான் போடலாம்?

இனிப்பு கடைசியில் வந்து சேரும் எதிலும் போடலாம். பால் பணியாரம் நல்ல எடுத்துக்காட்டு: உளுந்தும் அரிசியும் சேர்ந்த உருண்டைகளை இனிப்பில்லாமலே பொரித்து, பின்னர்தான் இனிப்புப் பாலில் போடுகிறோம். பாலைக் காய்ச்சி இறக்கிய பின் ஏலக்காயோடு சுக்ரலோஸைக் கரைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். கவுனி அரிசியும் அப்படியே. பர்மாவிலிருந்து நகரத்தார் கொண்டுவந்த அந்தக் கறுப்பு அரிசியை வேக வைத்து, இறுதியில்தானே சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்க்கிறோம். வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்துக் கிண்டும் உக்காரையும் கும்மாயமும் இந்தப் பட்டியலில் வரா. கருப்பட்டி இல்லாத ஆடிக்கும்மாயத்தை உளுந்தங்களி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பிள்ளையார் நோன்பன்று நூலிழையோடு சேர்த்து உண்ணும் இழை மாவிலும் இனிப்பூட்டி சேர்க்கலாமா என்று கேட்கிறார்களே?

ஆண்டுக்கு ஒரு நாள், ஒரு இழைக்கு ஒரு சின்ன உருண்டை மாவு. அதில் இருக்கும் வெல்லம் ஒரு தேக்கரண்டிக்கும் கீழே. இதற்காக வெல்லத்தை மாற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனிப்பூட்டி போட்ட பால் பணியாரத்தையும் கவுனி அரிசியையும் நீரிழிவு உள்ளவர்கள் விருப்பம்போல் சாப்பிடலாமா?

கூடாது. இந்தத் தவறான எண்ணம்தான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து என்பது என் கருத்து. அரிசியும் மைதாவும் மாவுச்சத்து. மாவுச்சத்து வயிற்றில் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் கலக்கும். ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் சீனியும் தரும் ஆற்றல் ஒன்றுதான். பலகாரத்தில் சீனியை மட்டும் நீக்கிவிட்டு அரிசியையும் நெய்யையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் 'சுகர் ஃப்ரீ' என்று எழுதிவிட்டால், வழக்கமாக ஒன்று எடுப்பவர் தயங்காமல் மூன்று எடுப்பார். எங்கள் கண் முன்னாலேயே இது நடந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொட்டலமாக வரும் இனிப்பூட்டித் தூளில் இனிப்பூட்டி மிகச் சிறிதளவே இருக்கும்; கரண்டியில் அள்ளும்படி பருமன் தருவதற்காக மால்டோடெக்ஸ்ட்ரினோ டெக்ஸ்ட்ரோஸோ லாக்டோஸோ சேர்த்திருப்பார்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் இரத்தத்தில் குளுக்கோஸை வேகமாக ஏற்றக்கூடியது. காபிக்கு ஒரு பொட்டலம் என்றால் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரு படி பாயசத்துக்கு அரை டப்பா கொட்டினால் பொருட்படுத்த வேண்டும்.

கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் நீரிழிவுக்கு நல்லது, செயற்கை இனிப்பூட்டி எதற்கு?

கருப்பட்டியின் மணத்துக்கு நானும் அடிமைதான். ஆனால் கருப்பட்டியிலும் வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பகுதி இருப்பது சீனியில் உள்ள அதே சுக்ரோஸ். இரும்பு, பொட்டாசியம் போன்ற தாதுக்கள் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பது உண்மை. அந்தத் தாதுக்கள் உடனிருப்பதால் சுக்ரோஸ் இரத்தத்தில் ஏறாமல் நின்றுவிடாது. நீரிழிவு உள்ளவர் சீனிக் காபியை விட்டுவிட்டுக் கருப்பட்டிக் காபிக்கு மாறினால், மாறியிருப்பது நிறமும் மணமும்தான்.

இவை புற்றுநோயை உண்டாக்கும் என்கிறார்களே?

இந்த அச்சம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று பழையது, மற்றது புதியது.

பழையது சாக்கரினைப் பற்றியது. மிக அதிக அளவில் சாக்கரின் கொடுக்கப்பட்ட எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டிகள் வந்ததைத் தொடர்ந்து, 1977இல் கனடா அதைத் தடை செய்தது. அமெரிக்காவிலும் தடை செய்ய முயன்று, மக்கள் எதிர்ப்பால் கைவிட்டு, எச்சரிக்கை வாசகம் மட்டும் அச்சிட வைத்தார்கள். பின்னர் நடந்த ஆய்வுகளில், ஆண் எலிகளின் சிறுநீரில் உள்ள தனித்தன்மையால் நுண்படிவங்கள் உருவாகி, அவை சிறுநீர்ப்பையின் உட்சுவரை உறுத்திப் புண்ணாக்குவதாலேயே கட்டி வருகிறது என்றும், மனிதரில் அந்த வினை நிகழ்வதில்லை என்றும் தெரிந்தது. 2000இல் அமெரிக்கா அந்த எச்சரிக்கை வாசகத்தை நீக்கிவிட்டது. 2024இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சாக்கரினுக்கான அன்றாட வரம்பை, உடல் எடை ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பதிலிருந்து 9 மில்லிகிராமாக உயர்த்தியது.

புதியது அஸ்பார்டேமைப் பற்றியது. 2023 ஜூலையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை '2பி' என்ற பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று ஐயுறத்தக்க பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அன்றைக்கே உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான கூட்டு நிபுணர் குழு, அஸ்பார்டேமுக்கான வரம்பான ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராமை மாற்றுவதற்குப் போதிய காரணம் இல்லை என்று அறிவித்தது. இரண்டும் முரண்பட்டவை போலத் தோன்றினாலும் முரண்பாடு இல்லை. முதல் அமைப்பு, ஒரு பொருளுக்குத் தீங்கு செய்யும் இயல்பு இருக்கிறதா என்பதற்கான சான்றின் வலுவை மட்டும் பார்க்கிறது. எவ்வளவு உண்டால் எவ்வளவு தீங்கு என்பதை இரண்டாவது அமைப்பு பார்க்கிறது. '2பி' என்பது சான்று மெலிவாக இருக்கிறது என்று பொருள்படும் பிரிவு.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நம் வீட்டுத் தாம்பாளமே போதும். அதில் இருக்கும் கொட்டைப்பாக்கு அதே முகமையின் பட்டியலில் '1' என்ற பிரிவில், மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிப்பட்ட பொருள்களோடு இருக்கிறது. இனிப்புப் பாக்குப் பொட்டலத்தில் சாக்கரின் இருக்கிறதே என்று கவலைப்பட்டு என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்தப் பொட்டலத்தில் கவலைப்பட வேண்டியது சாக்கரினைப் பற்றியல்ல, பாக்கைப் பற்றி.

அஸ்பார்டேம் வயிற்றில் மெத்தனாலாக மாறும் என்பது உண்மையா?

உண்மைதான், அதன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மெத்தனாலாகப் பிரியும். ஆனால் தக்காளிச் சாற்றிலும் பழச்சாறுகளிலும் இருந்து உடலுக்குக் கிடைக்கும் மெத்தனால் இதைவிடக் கூடுதல். ரசம் சாப்பிடப் பயப்படாதவர் இதற்காகவும் பயப்பட வேண்டியதில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு வரை பாதுகாப்பானது?

விலங்குகளுக்குக் கொடுத்து, எந்தத் தீங்கும் தெரியாத உச்ச அளவைக் கண்டுபிடித்து, பொதுவாக அதை நூறால் வகுத்து வருவதே அன்றாட ஏற்பு அளவு. வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் அந்த அளவு உண்டாலும் தீங்கு வராது என்பது அதன் பொருள். கூட்டு நிபுணர் குழுவின் கணக்கில், உடல் எடை ஒரு கிலோவுக்கு அஸ்பார்டேம் 40 மில்லிகிராம், அசிசல்ஃபேம் 15, சுக்ரலோஸ் 15, சாக்கரின் 5. சுக்ரலோஸுக்கு அமெரிக்கர்கள் இன்னும் கண்டிப்பாக 5 மில்லிகிராம் என்றே வைத்திருக்கிறார்கள்.

இதை வீட்டுக் கணக்காக மாற்றினால், 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, கண்டிப்பான அமெரிக்க வரம்பின்படியே சுக்ரலோஸ் 300 மில்லிகிராம் வரை ஆகும். ஒரு தேக்கரண்டிச் சீனிக்கு ஈடு 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதல் என்பதால், அது 36 தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். எத்தனை காபி குடித்தாலும் அந்த எல்லையைத் தொட மாட்டீர்கள். சாக்கரினின் வரம்பு மட்டும் அவ்வளவு தொலைவில் இல்லை: அதே ஆளுக்கு 300 மில்லிகிராம், ஏறத்தாழ 18 தேக்கரண்டிச் சீனியின் இனிப்பு.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

மேலே உள்ள கணக்கைக் குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சாக்கரின் வரம்பு 75 மில்லிகிராம். நான்கைந்து தேக்கரண்டிச் சீனியின் இனிப்பு. கட்டுப்பாடில்லாமல் தயாராகும் குச்சி ஐஸில் சீனிக்குப் பதில் சாக்கரின் போடுவது எங்கள் சிறு வயதில் ஊரறிந்த செய்தி. பள்ளிக்கூட வாசலில் வாங்கிச் சப்பிய பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு நின்றதே, அது அதுதான். கோடையில் இரண்டு மூன்று வாங்கித் தின்னும் சின்னப் பிள்ளை அந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடும்.

இனிப்பூட்டி சேர்த்த பொருள்களின் மேலுறையில் குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்ற வாசகத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் கேட்கிறது. வளரும் பிள்ளைக்கு ஆற்றல் தேவை. அதைத் தராத இனிப்பால் அதற்கு என்ன பயன்? இனிப்பைக் குறைத்துக் கொடுப்பதே போதும்.

யார் கட்டாயம் தவிர்க்க வேண்டும்?

ஃபினைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் குறை உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது. அதிலிருந்து பிரியும் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைக் கையாள அவர்கள் உடலால் இயலாது, தேங்கினால் மூளையைப் பாதிக்கும். கர்ப்பிணிகள் சாக்கரினைத் தவிர்ப்பது நல்லது, அது நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவுக்குப் போகும். மற்றவற்றை மகப்பேறு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு பயன்படுத்தலாம்.

எடை குறையுமா?

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் சீனியல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று கூறப்பட்டிருக்கிறது. நீண்ட காலத்தில் அவற்றால் கொழுப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்பது காரணம். ஆனால் அந்த வழிகாட்டுதல் ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே சொல்லியிருப்பதைச் செய்தி வாசித்தவர்கள் பலர் கவனிக்கவில்லை.

நீரிழிவு உள்ளவர்களைப் பொறுத்தவரை, சென்னையில் நடந்த ஓர் ஆய்வு நமக்கு நெருக்கமானது. காபியிலும் தேநீரிலும் போடும் சீனியை மட்டும் நீக்கி, 12 வாரங்களுக்குச் சுக்ரலோஸ் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, எடையும் இடுப்புச் சுற்றளவும் மிகச் சிறிதளவு குறைந்தன. இதில் ஏமாற்றமடைய எதுவும் இல்லை. சாப்பாடு அதேதான், மாற்றியது காபியை மட்டும்.

மறுபக்கம், குடல் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆய்வுகளும் உள்ளன. 2022இல் இஸ்ரேலில் 120 நலமான பெரியவர்களை வைத்து நடத்திய ஆய்வில், வரம்புக்கு உட்பட்ட சாக்கரினும் சுக்ரலோஸும் இரண்டு வாரங்களில் சிலரது உடல் குளுக்கோஸைக் கையாளும் விதத்தை மாற்றின. எல்லோரிடமும் ஒரே மாதிரி அல்ல. ஆகவே நீரிழிவு இல்லாதவர், சும்மா இருக்கட்டும் என்று இதைத் தொடங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

சீனித் துளசி (ஸ்டீவியா) இயற்கையானது, அதனால் பயமில்லைதானே?

பராகுவே நாட்டைச் சேர்ந்த அந்தச் செடியின் இலையிலிருந்து பிரித்துத் தூய்மைப்படுத்திய ஸ்டீவியோல் கிளைகோசைடுகளை இந்தியாவிலும் அனுமதித்திருக்கிறார்கள். கிலோவுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியோல் என்பது வரம்பு. பயன்படுத்தலாம், பின்சுவையில் லேசான மருந்து வாடை இருக்கும். ஆனால் 'இயற்கை, அதனால் பயமில்லை' என்ற வாதம் தவறு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதிமதுரமும் இயற்கையானதுதான்; அதன் இனிப்புப் பொருள் சீனியைவிடப் பல மடங்கு இனிக்கும்; நாள்தோறும் அளவின்றிச் சாப்பிட்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைத்துவிடும்.

எரித்ரிட்டால், சைலிட்டால், மால்ட்டிட்டால் என்கிறார்களே, அவை என்ன?

இவை சர்க்கரை ஆல்கஹால்கள். போதைக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. சீனியளவுக்குப் பருமன் தருவதால் பலகாரத்துக்கு ஓரளவு ஒத்துவருபவை இவைதான். மால்ட்டிட்டாலை வைத்து ஒரு மாவுருண்டை செய்தேன், சுவையில் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் நான்கு உருண்டை தின்ற என் உறவினர் அன்று மாலை முழுவதும் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. இவை சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் வாயுவையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். மால்ட்டிட்டாலில் கிராமுக்கு ஏறத்தாழ 2 கலோரியும் உண்டு, இரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். எரித்ரிட்டால் வயிற்றுக்கு அவ்வளவு தொல்லை தருவதில்லை. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் நேர்ந்ததாக 2023இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. உடலே எரித்ரிட்டாலைக் கொஞ்சம் உருவாக்கும் என்பதால், உண்டதுதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. இதய நோய் உள்ளவர்கள் அதைப் பெரிய அளவில் உண்ணாமலிருப்பது நல்லது. சைலிட்டால் நாய்களுக்கு நஞ்சு, வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் மறக்க வேண்டாம்.

மேலுறையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். இனிப்பூட்டிகள் பெயராலோ எண்ணாலோ குறிக்கப்பட்டிருக்கும்: 950 அசிசல்ஃபேம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா, 965 மால்ட்டிட்டால், 968 எரித்ரிட்டால். அடுத்து, 100 கிராமில் மொத்தக் கார்போஹைட்ரேட் (மாவுச்சத்து, சர்க்கரை எல்லாம் சேர்ந்தது) எவ்வளவு என்ற வரியைப் பாருங்கள். 'சேர்த்த சர்க்கரை: 0' என்பதற்குக் கீழேயே 'கார்போஹைட்ரேட்: 60 கிராம்' என்று இருந்தால், அந்த 60 கிராம்தான் உங்கள் குளுக்கோமீட்டரில் தெரியப்போவது.

சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும்போது இனிப்பூட்டி கலந்த பானம் கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது, அதில் குளுக்கோஸ் இல்லை; நாக்கு இனிக்கும், இரத்தத்தில் ஒன்றும் ஏறாது. இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவருக்குக் கை நடுங்கி, வியர்த்து, பார்வை மங்கினால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். நினைவு இழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, வீட்டில் எல்லோரும் இனிப்பூட்டிக்கு மாறிவிட்டாலும், சீனி டப்பாவை முழுவதுமாகக் காலி செய்துவிடாதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்கிறேன்.

கடைசியாக, நீங்கள் 'சுகர் ஃப்ரீ' பலகாரம் போட்டுத் தருவீர்களா?

பால் பணியாரம் மட்டும், முதல் நாளே சொல்லிவைத்தால், இனிப்பூட்டி போட்ட பாலோடு தருகிறோம். மேலே எந்தப் பொருள், எவ்வளவு என்று சீட்டில் எழுதி ஒட்டுகிறோம், அரிசியும் உளுந்தும் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். அதிரசமும் கந்தரப்பமும் வெல்லத்தில்தான். கேட்பவர்களுக்கு அவற்றைப் பாதி அளவில், ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றே பெரிதாகத் தட்டித் தருகிறோம். சட்டியில் சீக்கிரம் சிவந்துவிடும் என்பதால் தீயை மட்டும் கொஞ்சம் தணித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.